ஏர்பேண்டில் எஃப்எம் பாட்டு நுழைகிறது: செட்டின் கோளாறா, இடத்தின் கோளாறா? புது கை ஸ்கேனரில் என்ன பார்த்து வாங்குவது? (பெங்களூரு)

ஜெயநகர்_ஏரியல்:
எல்லோருக்கும் வணக்கம். ஜெயநகரில் எட்டாவது மாடி, பால்கனி வடக்குப் பார்த்தது. ஏர்பேண்ட் (விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் பேசும் பட்டை) உள்ள சின்ன கை ஸ்கேனர் (சேனல்களை வரிசையாகத் தேடிக் கேட்கும் ரேடியோ), 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம், ஆன்டெனா சாக்கெட் பிஎன்சி (திருகிப் பூட்டும் வகை). ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் இருக்கிறது. சிக்கல்கள் இவை:

119.7, 122.7, 124.3 ஆகிய மூன்று இடங்களில் பாட்டும் விளம்பரமும் கொரகொரவென்று கேட்கின்றன. ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் வசதி) மூடுவதே இல்லை. ரப்பர் ஆன்டெனாவை எடுத்துவிட்டு இழுப்புக் கம்பி ஆன்டெனா போட்டால் இன்னும் மோசம். விமானிகளின் குரல் தெளிவாக வருகிறது, தரையிலிருந்து பதில் சொல்பவரின் குரல் வருவதில்லை. பட்டை முழுக்க ஒரு இரைச்சலும் உண்டு. போதாததற்கு, இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் செட் சார்ஜ் ஏறுவதில்லை.

இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது புது மாடல் வரும்வரை பொறுக்கலாமா? பொறுத்தால் அதில் என்னென்ன பார்க்க வேண்டும்?

கோஆக்ஸ்_அல்சூர்:
சார், விடை நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 21.4 கழித்துப் பாருங்கள். 98.3, 101.3, 102.9. மூன்றும் பெங்களூரில் ஓடும் எஃப்எம் நிலையங்கள். கடைசி இரண்டும் ஆகாசவாணியின் ரெயின்போவும் விவித் பாரதியும்.

உங்கள் செட்டின் ஐஎஃப், அதாவது வரும் சிக்னலை உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை, 10.7 மெகாஹெர்ட்ஸ். அந்த மாற்றத்துக்காக உள்ளே அலை உண்டாக்கும் ஆஸிலேட்டர் நீங்கள் வைத்த அலைவரிசைக்கு 10.7 கீழே ஓடுகிறது. 119.7 வைத்தால் ஆஸிலேட்டர் 109.0. அதற்கு 10.7 மேலே இருப்பதும் ஐஎஃப்புக்குள் வரும், 10.7 கீழே இருப்பதும் வரும். அந்தக் கீழ்ப்பக்க விருந்தாளிதான் 98.3. இதைத்தான் இமேஜ் என்கிறோம். முன்பக்க ஃபில்டர் அதைத் தடுத்திருக்க வேண்டும். மலிவு செட்டில் அது பெயரளவுக்கே இருக்கும். எஃப்எம் ஒலிபரப்பு 75 கிலோஹெர்ட்ஸ் இருபுறமும் ஆடுகிறது, ஏஎம் ஃபில்டரின் அகலமோ சில கிலோஹெர்ட்ஸ்தான். அதனால்தான் பாட்டு நறுக்கு நறுக்காக, கொரகொரப்பாகக் கேட்கிறது.

உறுதிசெய்ய ஒரு சோதனை. ஆன்டெனாவுக்கும் செட்டுக்கும் நடுவில் 10 டிபி (டெசிபல்) அட்டென்யுவேட்டர், அதாவது சிக்னலைக் குறைக்கும் தடுப்பான், போடுங்கள். பாட்டு அதே 10 டிபி அளவுக்கே இறங்கினால் அது இமேஜ். விமானியின் குரல் கொஞ்சம் குறைந்து, பாட்டு மட்டும் சட்டென்று காணாமல் போனால், வலுவான நிலையங்கள் செட்டுக்குள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கிய போலி சிக்னல். மூன்றாம் நிலைக் கலப்பு என்றால் 10 டிபி தடுப்புக்கு அது 30 டிபி விழும். இரண்டுக்கும் மருந்து வேறு, முதலில் எது என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள். அட்டென்யுவேட்டர் கிடைக்காவிட்டால் 68 ஓம் ஒன்று தொடராக, அதன் இரு முனையிலிருந்தும் தரைக்கு 100 ஓம் ஒவ்வொன்று. கிட்டத்தட்ட 10 டிபி வந்துவிடும். கால்களை ஒட்ட வெட்டிச் சால்டர் செய்யுங்கள்.

தாமிரக்கம்பி:
இழுப்புக் கம்பி போட்டால் மோசமாவதற்கும் காரணம் இருக்கிறது. முழுதாக இழுத்தால் 75 சென்டிமீட்டர் பக்கம் வரும். அது 98 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியான கால் அலை நீளம். எஃப்எம்முக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிறது. 56 சென்டிமீட்டருக்குச் சுருக்குங்கள், ஏர்பேண்டின் நடுவுக்கு வந்துவிடும். இது ஒன்றிலேயே கொஞ்சம் வித்தியாசம் தெரியும், காசும் செலவில்லை.

அடுத்தது ஃபில்டர். 88–108 தடுக்கும் ஃபில்டர் ரெடிமேடாகக் கிடைக்கிறது. வாங்கும்போது கனெக்டரின் நடு ஊசியைப் பாருங்கள். வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவுக்கு வரும் ஆர்பி-எஸ்எம்ஏ, சாதா எஸ்எம்ஏவில் (சின்ன மரைக் கனெக்டர்) அழகாக மரை ஏறும். ஆனால் நடுவில் தொடர்பே இருக்காது. செட் செத்துவிட்டது என்றே தோன்றும். சீன வாக்கிடாக்கிகளில் செட் பக்கம் ஊசி, ஆன்டெனா பக்கம் துளை என்று தலைகீழாக வரும், அதையும் கவனியுங்கள்.

ஒரே நிலையம்தான் தொல்லை என்றால் ஃபில்டரே வேண்டாம். ஆர்ஜி-58 கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உள்ளது) ஒரு துண்டு, பிஎன்சி டி-பீஸ் ஒன்று, எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். டி-பீஸைச் செட்டிலேயே மாட்டி, ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் இந்தத் துண்டு. 98.3க்கு அரை அலை நீளம், கேபிளுக்குள் அலை செல்லும் வேகக் காரணி 0.66ஆல் பெருக்கினால், 1.006 மீட்டர். கடைசி முனையில் நடுக்கம்பியும் பின்னலும் ஒட்டியிருக்க வேண்டும். 1.04 மீட்டர் வெட்டிக்கொண்டு, குண்டூசியால் பின்னலையும் நடுக்கம்பியையும் சேர்த்துக் குத்துங்கள். 5 மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தினால் சுமார் 0.5 மெகாஹெர்ட்ஸ் மேலே போகும். 119.7ஐ வைத்து, பாட்டு அமுங்கும் இடத்தில் வெட்டி ஷார்ட் செய்துவிடுங்கள்.

சில இடங்களில் அரை மீட்டர் துண்டை முனை திறந்து விட்டால் போதும் என்று எழுதியிருப்பார்கள். அதுவும் 98.3ஐத் தடுக்கும், ஆனால் 119.7லேயே உங்கள் சிக்னலில் 4 முதல் 5 டிபி தின்றுவிடும். அரை அலை ஷார்ட் துண்டில் அந்த இழப்பு ஒன்றரை டிபிக்குள். உங்களுக்கு மூன்று நிலையம் என்பதால் ரெடிமேட் ஃபில்டரே சரி.

விமானக்காது:
தரைக் குரல் கேட்காதது கோளாறே இல்லை சார். ஏர்பேண்ட் இருக்கும் விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போகிறது. விமானம் 3,000 மீட்டரில் பறந்தால் அதன் குரல் 200 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். தேவனஹள்ளி விமான நிலையத்தில் தரையில் நிற்கும் ஆன்டெனாவுக்கும் ஜெயநகருக்கும் நடுவில் ஊரே நிற்கிறது. எந்தப் புது மாடல் வாங்கினாலும் இது மாறாது, மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்தால்தான் வாய்ப்பு.

ஸ்கேன் பற்றியும் ஒன்று. 118 முதல் 137 வரை 25 கிலோஹெர்ட்ஸ் படியில் 760 சேனல். நொடிக்கு 50 சேனல் ஓடினாலும் ஒரு சுற்றுக்கு 15 நொடி. விமானி பேசுவது மூன்று நான்கு நொடி. முழுப் பட்டையையும் ஓடவிட்டால் பாதிக்கு மேல் தவறும். தெரிந்த எட்டு பத்து சேனலை ஒரு பேங்கில் (நினைவுத் தொகுதி) போட்டு, பதில் வரும்வரை காத்திருக்க டிலே 2 நொடி வையுங்கள். அவசர அலைவரிசையான 121.5ஐ முன்னுரிமையில் போடுங்கள். கேட்டதைப் பதிவுசெய்து வெளியே போடாதீர்கள். ஹாம் உரிமம் அதற்கு இடம் தருவதில்லை.

கோஆக்ஸ்_அல்சூர்:
டைப்-சி சங்கதி: சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்தால்தான் சார்ஜர் 5 வோல்ட் விடும். அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். பழைய யுஎஸ்பி-ஏ முனை உள்ள கேபிள் போட்டால் ஏறும், செட்டைத் திறக்க வேண்டாம். சால்டரிங் கை பழகியிருந்தால் இரண்டு தனித்தனி ரெசிஸ்டர் போடலாம். இரண்டு பின்னையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் இறக்கக் கூடாது. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் போர்டுகளில் அப்படித்தான் இருந்தது, உள்ளே சிப் வைத்த கேபிள்களை அது ஏற்கவில்லை.

ஜெயநகர்_ஏரியல்:
எல்லோருக்கும் நன்றி. அட்டென்யுவேட்டர் சோதனையில் பாட்டும் குரலும் ஒரே அளவுக்கு இறங்கின, ஆக இமேஜ்தான். கம்பியை 56க்குச் சுருக்கி, ஃபில்டர் மாட்டியதும் மூன்று இடத்திலும் பாட்டு போய்விட்டது. பழைய கேபிளில் சார்ஜும் ஏறுகிறது. ஆனால் பட்டை முழுக்க இரைச்சல் அப்படியே இருக்கிறது.

தாமிரக்கம்பி:
அது வீட்டுக்குள்ளிருந்து வருவது. ஏஎம் என்பதால் மின் இரைச்சல் அப்படியே காதுக்கு வரும். செட்டை பேட்டரியில் ஓடவிட்டு, சார்ஜர், எல்இடி பல்பு, ரவுட்டர் அடாப்டர், யுபிஎஸ் என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். யுபிஎஸ்ஸை மெயினிலிருந்து பிடுங்கினால் மட்டும் போதாது, பேட்டரியில் அதன் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் சுவிட்சையே அணையுங்கள். குற்றவாளி பிடிபட்டதும் அதன் ஒயரில் 43 மிக்ஸ் (பொருளின் வகை) கிளிப் ஃபெரைட்டை, அதாவது இரைச்சலை உறிஞ்சும் காந்தப்பொருள் வளையத்தை, முடிந்தால் மூன்று சுற்றுச் சுற்றி, கருவியை ஒட்டியே மாட்டுங்கள். சுவர்ப் பக்கம் மாட்டினால் பாதிப் பலன்தான், நடுவில் உள்ள ஒயர் ஆன்டெனாவாகவே இருக்கும்.

விமானக்காது:
புது மாடல் கேள்விக்கு வருவோம். கம்பெனிகள் விளம்பரத்தில் சென்சிட்டிவிட்டியைத்தான் (மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் திறன்) போடுகிறார்கள். பெங்களூர் மாதிரி ஊரில் அது இருப்பதே போதும். நமக்கு வேண்டியது, வேண்டாததை வாசலிலேயே நிறுத்தும் முன்பக்க ஃபில்டர். உள்ளேயே 88–108 தடுப்பு, மெனுவில் ஆன்/ஆஃப். அட்டென்யுவேட்டர் சேனல் வாரியாக நினைவில் இருக்க வேண்டும்; மொத்தத்துக்கும் ஒன்று என்றால் ஒரு சேனலுக்காக மற்றதெல்லாம் செவிடாகும்.

கோஆக்ஸ்_அல்சூர்:
முதல் ஐஎஃப்பையே 45 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் இமேஜ் 90 தள்ளிப் போய்விடும், எஃப்எம் பட்டையில் விழவே விழாது. 45க்குக் கிரிஸ்டல் ஃபில்டர் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள்தான். 10.7ஐயே வைத்துக்கொண்டு ஆஸிலேட்டரை மேல்பக்கம் நகர்த்தினால் இமேஜ் 139.4க்கு மேல் போகும். எஃப்எம் தொல்லை தீரும். ஆனால் நம் 144–146 ஹாம் பட்டையும் அதற்கு மேலுள்ள வாக்கிடாக்கிகளும் உள்ளே வரும். விவரத்தாளில் முதல் ஐஎஃப் எவ்வளவு என்று போடாத செட்டை வாங்காதீர்கள்.

தாமிரக்கம்பி:
என் பட்டியலில் பிஎன்சி சாக்கெட், தனி ஸ்குவெல்ச் குமிழ், கடையில் கிடைக்கும் பேட்டரி. யூனிடன் பிசி125ஏடி இரண்டு ஏஏ செல்லில் ஓடுகிறது, பிஎன்சியும் வைத்திருக்கிறது. அந்த வழியை விடக் கூடாது. எஸ்எம்ஏ மெல்லிசு. நீளக் கம்பியை மாட்டிப் பையில் போட்டால் நெம்பி நெம்பி சாக்கெட்டின் சால்டர் விட்டுப்போகும். மெமரியை சாதா சிஎஸ்வி கோப்பாக ஏற்றி இறக்க விட்டால் விண்டோஸ் மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஜெயநகர்_ஏரியல்:
சேனல் பெயரைத் தமிழில் எழுத முடியுமா? அதையும் கேட்கலாமா?

விமானக்காது:
கேட்டே ஆக வேண்டும். யுனிகோட் ஏற்கிறதா என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்பார்கள், திரையில் கட்டம் கட்டமாக வரும். 'கெ' என்பதில் கோப்பில் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த மாற்றலை செட்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் செய்ய வேண்டும். 128க்கு 64 புள்ளித் திரையில் வரிக்கு 16 புள்ளி கொடுத்தால் நான்கு வரி வரும். 'கூ', 'ணி' போன்றவற்றுக்கு 8 புள்ளி உயரம் பத்தவே பத்தாது. மாதிரிக்கு 'கொடி', 'தூது', 'வானிலை' மூன்றையும் காட்டச் சொல்லி ஒரு படம் கேளுங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

ஜெயநகர்_ஏரியல்:
இரைச்சல் யுபிஎஸ்தான். ஃபெரைட் மாட்டியதும் பெரும்பகுதி அடங்கிவிட்டது, ஸ்குவெல்ச் இப்போது மூடுகிறது. செட்டை மாற்றவில்லை. 45 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப்பும் உள்தடுப்பும் உள்ள மாடல் வந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.