நாடிச்சுவர் விறைப்பு: என் வாக்கு இதற்கே

வணக்கம்.

வயதோடு பெரிய நாடிகள் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள்) நெகிழ்வு குன்றிப் போவதை, அதாவது arterial stiffness என்பதை, தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்த சொற்கள் தடிப்பு, இறுக்கம், நெகிழ்விழப்பு. நான் சொல்வது 'நாடிச்சுவர் விறைப்பு'. (தமிழ்நாட்டு நண்பர்களே, உங்கள் தமனிதான் எங்கள் பாடப்புத்தகத்தில் நாடி, உங்கள் சிரை எங்களுக்கு நாளம். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

'தடிப்பு' வேண்டாம். உட்புறம் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. இங்கே கெடுவது முக்கியமாக நாடிச்சுவரின் நடுப்படை. இழுபடும் எலாஸ்டின் நார் அறுந்து, விறைப்பான கொலாஜன் நார் கூடுகிறது. வழி குறுகுவதில்லை, வயதாக ஆகப் பெருநாடி (இதயத்திலிருந்து கிளம்பும் மிகப் பெரிய நாடி) சற்று விரியவே செய்கிறது. 'இறுக்கம்' அடிபடுவதும் இதனால்தான்.

நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிக்கும் பம்பின் ஹோஸைப் பாருங்கள். புதுசு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் உப்பி மருந்தைச் சீராக விடும். வெயிலில் காய்ந்த பழசு அந்த அடியை அப்படியே நுனிக்குக் கடத்தும். 'மேல் பிரஷர்' 170, 'கீழ் பிரஷர்' 70 என்று கிளினிக் கொப்பியோடு வரும் முதியவர்கள் பலருக்கு உள்ளே நடப்பது இதுதான். கீழ் எண் நல்லாத்தானே இருக்கு என்பார்கள். கவலைப்பட வேண்டியதே அந்த 100 இடைவெளிக்குத்தான்.

'நெகிழ்விழப்பு' கேட்க அழகு. ஆனால் 'நெகிழ்விழப்பைக் குறைக்கும் மாத்திரை' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். விறைப்பு என்றால் கூடும், குறையும், அளக்கலாம். கழுத்துக்கும் தொடைக்கும் இடையே துடிப்பலை (ஒவ்வோர் இதயத்துடிப்பும் நாடி வழியே அனுப்பும் அலை) செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேல் ஓடினால் விறைப்பு அதிகம். லொசார்ட்டன், அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகள் இரத்த அமுக்கத்தைக் குறைக்கும்போதே சுவரின் பாரம் இறங்கி விறைப்பும் ஓரளவு குறைகிறது. இன்னொரு பிரஷர் மாத்திரையான அட்டெனோலோல் கதை வேறு. 2006இல் வந்த ஓர் ஆய்வில், அம்லோடிபின் எடுத்தவர்களுக்கும் இதை எடுத்தவர்களுக்கும் கையில் அளந்த அமுக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பெருநாடியிலோ அட்டெனோலோல் பக்கம் மேல் அமுக்கம் சுமார் 4 மில்லிமீற்றர் (இரசம்) கூடுதல்.

ஒரு சிக்கல் உண்டு. மலையில் 'கை விறைக்குது' என்றால் குளிர். பனிக்காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவரிடம் வெறுமனே விறைப்பு என்றால் மரத்துப்போவதாக எடுத்துக்கொள்வார். 'சுவர்' சேர்த்தது அதற்காகத்தான். 'முற்றல்' என்றும் யோசித்தேன். 'நாடி முற்றிவிட்டது' என்று கேட்கிற நோயாளி உயிலெழுதப் போய்விடுவார்!

சரி, துடிப்பலை வேகத்துக்கு யாராவது தனி இழை தொடங்குங்கள். அங்கே 'நாடி' வேண்டாம். சித்த வைத்தியர்கள் கோபிப்பார்கள்.