‘கடல்மறுப்பு’ அன்று, ‘கடல்மறிப்பு’

நண்பர்களுக்கு வணக்கம்.

பகைவர் கடலைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குறிக்கும் ‘சீ டினயல்’ (sea denial) என்பதற்குக் ‘கடல்மறுப்பு’ என்ற சொல்லை முன்மொழிந்த மடலை வாசித்தேன். மறுப்பு என்றதும் மறுப்பறிக்கையும் வாதத்தை மறுத்தலுமே நினைவுக்கு வருவதால், பகைவரைக் கடலில் நடமாட விடாது தடுக்கும் செயல் அதில் புலப்படவில்லை. ‘கடல்மறிப்பு’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு.

வன்னியில் வயல் செய்வோருக்கு மறித்தல் அன்றாடச் சொல். நாலு மண்வெட்டி மண்ணை வாய்க்காலில் வெட்டிப் போட்டு ஒருவர் தண்ணீரை மறித்துவிட்டால் கீழ்வயலுக்கு நீர் போகாது. ஆனால் குளத்துத் துருசு (நீரைத் திறந்து மூடும் மதகு) அதனால் அவர் கைக்கு வந்துவிடுவதில்லை. கடற்போரிலும் வேறுபாடு இதுதான். பகைவரைத் தடுப்பது மறிப்பு; துருசைக் கையில் வைத்திருப்பதுபோல் கடலைத் தானே பயன்படுத்தும் நிலையைக் ‘கடலாட்சி’ எனலாம்.

1942 யூலையில் ஜெர்மனியின் ‘திர்பிற்ஸ்’ போர்க்கப்பல் வெளிக்கிளம்புமோ என்ற அச்சத்திலேயே பிரித்தானியக் கடற்படைத் தலைமை சோவியத் ஒன்றியத்துக்குப் பொருள் ஏற்றிச் சென்ற ‘பிக்யூ 17’ என்ற வணிகக் கப்பல் தொடரைக் கலைந்து செல்லப் பணித்தது. சிதறிய வணிகக் கப்பல்களுள் 20க்கும் மேற்பட்டவற்றை விமானங்களும் நீர்மூழ்கிகளும் மூழ்கடித்தன. ஒரு குண்டும் சுடாமல் அந்தப் போர்க்கப்பல் வழியை மறித்தது. அதற்கு அப்பால் அதனால் இயலவில்லை. பெருங்கடற்படையை நேரில் எதிர்கொள்ளப் புறப்பட்ட ஜப்பானியப் போர்க்கப்பல் ‘யமாற்றோ’வோ, 46 சென்ரிமீற்றர் பீரங்கிகள் இருந்தும், எதிரிக் கப்பல் எதையும் எட்டுமுன்னரே 1945 ஏப்ரல் 7 அன்று விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

நீர்மூழ்கியின் எல்லை வேறுவகையானது. அக்காலத்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் நீருக்குள் மணிக்கு ஏறக்குறைய 8 கடல்மைலே ஓடக்கூடியனவாதலால், அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் செல்லும் கடற்படையைத் துரத்திப் பிடிக்க அவற்றால் இயலாது. வழியில் காத்துக்கிடக்கவே வேண்டும். அணுவிசை வந்தபின் வேகக்குறை தீர்ந்தது, ஆனால் தன்மை மாறவில்லை. போக்லாந்துத் தீவுப் போரில், 1982 மே 2 அன்று ‘கொன்கரர்’ என்ற பிரித்தானிய அணுநீர்மூழ்கி ஆர்ஜென்ரீனப் போர்க்கப்பல் ‘ஜெனரல் பெல்கிரானோ’வை மூழ்கடித்த பின்னர் ஆர்ஜென்ரீனாவின் மேற்பரப்புக் கடற்படை கரையோரத்துக்குத் திரும்பியது. மறிப்பு முழுமையாக வென்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் மே 21இல் அத்தீவுகளின் சான் கார்லோசில் பிரித்தானியர் படையை இறக்குவதற்கு, விமானத் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு அவர்களின் மேற்பரப்புக் கப்பல்களே அங்கு நிற்க வேண்டியிருந்தது.

‘கடல் முற்றுகை’யோடு இது குழம்பும் என்று சிலர் கருதலாம். முற்றுகை, துறைமுகத்தைச் சூழ்ந்து போக்குவரத்தை அடைப்பது. மறிப்புக்கு ஒரு பரப்பைப் பகைவருக்குப் பயன்படாமற் செய்தாலே போதும். ‘மறியல்’ என்ற வடிவத்தை மட்டும் தவிர்ப்போம். எங்கள் பக்கத்தில் அது சிறையைக் குறிக்கும்.