பாளையங்கோட்டையிலிருந்து மாட்டுங்காவுக்கு, பூனையோடு

நெல்லைக்காரி: வணக்கம். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து, ஜூனில் மழையோடு மழையாக மும்பை மாட்டுங்காவுக்குக் குடிவந்தோம். நாங்கள் இருவர், ஏழாவது படிக்கும் மகள், அப்புறம் முத்தம்மா என்கிற கிழட்டுப் பூனை. முற்றமும் முருங்கையுமாக இருந்த வீடு போய், இப்போது மூன்றாவது மாடியில் இரண்டே அறை. பார்த்த வேலையையும் விட்டாயிற்று, அதுதான் உறுத்துகிறது. சின்ன வயதில் பாதியில் விட்ட வயலினை மறுபடி எடுக்கலாமா என்று யோசனை. 40 வயதில் எங்கே கற்றுக்கொள்வது? முத்தம்மாவோ கட்டிலடியை விட்டு வெளியே வருவதே இல்லை.

சயான் அண்ணாச்சி: வாங்க தங்கச்சி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கம் இருக்கிறதே, 1990இல் தீப்பிடித்து 1998இல் மறுபடி திறந்தது, அவர்களே இசைப்பள்ளியும் நடத்துகிறார்கள், நேரில் போய் விசாரியுங்கள். வயதைப் பார்த்திருந்தால் நான் 52இல் மிருதங்கத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன் (தொடாமலே இருந்திருக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்).

செம்பூர் மாமி: பூனை படுத்த பழைய துணியைத் துவைக்காமல் அப்படியே போடு, சொந்த வாசனை இருந்தால் பயம் தெளியும். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்றா? மூன்றாவது மாடி, மறந்துவிடாதே. முருங்கைக்கீரைக்கு ஏங்காதே, ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

நெல்லைக்காரி: ஐயோ, துணியை நேற்றுத்தான் துவைத்தேன் மாமி. வலைக்கு இன்றே ஆளைக் கூப்பிடுகிறேன்.