மேனேஜர் வேலைய விட்டுட்டு நெட்வொர்க்கிங் பக்கம் வந்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஐடி மேனேஜரா பல வருஷம் இருந்துட்டு இப்போ நெட்வொர்க் என்ஜினியர். இன்டர்வியூல டெக்னிக்கல் கேள்விய விட "ஏன் சார் இறங்கி வரீங்க, கொஞ்ச நாள்ல கெளம்பிட மாட்டீங்களே"ங்கறது தான் எல்லா இடத்துலயும் கேட்டாங்க. ஒரு இடத்துல என்ன விட ரொம்ப சின்ன பையன் போர்டுல /26னு ஒரு நெட்வொர்க் அளவ எழுதி அதுல எத்தன ஹோஸ்ட் (மெஷின்) வரும்னு கேட்டான், 62ன்னு சரியா சொன்னதும் ஒரு மாதிரி பாத்தான், மேனேஜர்னா எக்ஸெல் ஷீட் மட்டும் தான் தெரியும்னு நெனச்சிருப்பான் போல :)

சிசிஎன்ஏ (சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்) படிச்சு தான் வந்தேன். எக்ஸாம் கோடு 200-301, 120 நிமிஷம், முன்தகுதி எதுவும் கேக்க மாட்டாங்க, 3 வருஷம் செல்லும். ஆனா வேலைக்கு நெஜமா கைகுடுத்தது பாக்கெட் ட்ரேசர், ஜிஎன்எஸ்3ங்கற சிமுலேட்டர்ல நெட்வொர்க் கட்டி நானே ஒடச்சு ஒடச்சு சரி பண்ணது தான்.

சேந்த புதுசுல ரெண்டு ரௌட்டர் நடுவுல ஓஎஸ்பிஎஃப் (ரௌட்டருங்க பாதை விவரத்த ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கற முறை) ஏறவே இல்ல, பிங் போகுது, ரௌட்டருங்க ஒண்ண ஒண்ணு கண்டுக்கற ஹலோ பாக்கெட்டும் வருது, ஏரியா நம்பர் ஒண்ணு தான், டைமரும் 10, 40னு ரெண்டு பக்கமும் சரி, ஆனா நெய்பர் ஸ்டேட் மட்டும் எக்ஸ்ஸ்டார்ட்லயே, அதாவது பாதி வழியிலயே, நிக்குது. ஆளாளுக்கு கேபிள மாத்து, ரீபூட் பண்ணுன்னு சொல்றாங்க. பாத்தா ஒரு பக்கம் எம்டியு (ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கற அளவு) 1500 பைட், இன்னொரு பக்கம் 9000. ஹலோல எம்டியு இருக்காது, அதுக்கப்புறம் போற டேட்டாபேஸ் பாக்கெட்ல தான் இருக்கும், அது ஒத்து வரலன்னா அங்கயே நின்னுடும். எம்டியுவ சரி பண்ணதும் ஸ்டேட் ஃபுல்னு (முழுசா சேந்தாச்சுன்னு) வந்துச்சு பாருங்க, மேனேஜரா இருந்தப்போ எந்த ப்ராஜெக்ட் முடிஞ்சும் அவ்ளோ சந்தோஷம் வந்ததில்ல.

சம்பளம் கொறஞ்சது தான், இல்லன்னு சொல்லல. ராத்திரி சேஞ்ச் விண்டோவும் (நெட்வொர்க்ல மாத்தம் பண்ண ஒதுக்குற நேரம்) உண்டு.

———

பதில் 1: நானும் இதே ரூட்டு தான் ப்ரோ. பழைய வேலைல கத்துக்கிட்ட ரோல்பேக் பிளான் (தப்பானா பழையபடி திருப்ப வழி) வச்சுக்கற பழக்கம் இங்க ரொம்ப ஒதவுது. டீம்ல ஒருத்தர் ஸ்விட்ச்சோட ட்ரங்க் போர்ட்ல (பல விலான் ஒண்ணா போற போர்ட்) புது விலான், அதாவது தனியா பிரிச்ச நெட்வொர்க், சேக்க "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் 30"னு அடிச்சுட்டு என்டர் தட்ட போனார், நடுவுல "ஆட்" இல்ல. தட்டியிருந்தா 30 தவிர மத்த விலான் அத்தனையும் அந்த ட்ரங்க்ல காலி. பக்கத்துல இருந்ததால நிறுத்த முடிஞ்சுது.

பதில் 2: ரிமோட்ல ரௌட்டர தொடுறவங்க மொதல்ல கான்ஃபிக்க (அதோட செட்டிங்ஸ்) சேவ் பண்ணிட்டு "ரீலோட் இன் 10" போட்டுக்கோங்க. ஆக்ஸஸ் போனாலும் 10 நிமிஷத்துல அதுவே ரீபூட் ஆகி பழைய கான்ஃபிக்கோட வந்துடும். வேலை நல்லபடியா முடிஞ்சா "ரீலோட் கேன்சல்" அடிக்க மறந்துடாதீங்க, அத மறந்துட்டு டீ குடிக்க போனவங்கள பாத்திருக்கேன்.