பழைய ரூன்ஸ்கேப்பில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் தேவையா?

செங்கோடன்:
2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு வெளிவந்தபோது, அதை உருவாக்கிய ஜாகெக்ஸ் நிறுவனம் நமக்குத் தந்தது ரூன்ஸ்கேப்பின் 2007 ஆகஸ்ட் மாதத்துக் காப்புப் பிரதியை. அதில், விலை குறித்துப் போட்டுவைத்தால் பொருளைத் தானாகவே வாங்கி விற்றுத்தரும் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. ஒரு கவசம் வேண்டுமென்றால் விளையாட்டில் வரும் வர்ராக் நகரத்தின் மேற்கு வங்கி முன்னே நின்று கூவி, விலை பேசி, எதிரே இருப்பவர் கடைசி நொடியில் பொருளை மாற்றிவிட்டாரா என்று உறுதிசெய்யும் இரண்டாம் திரையிலும் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வோம். 2015-இல் அந்தச் சந்தையைச் சேர்த்ததும் வங்கி முன்னே பேச்சே அடங்கிப்போயிற்று. பழைய விளையாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் அதன் உயிர்நாடியையே அறுத்துவிட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

தென்றல்_77:
உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் வரலாறு அப்படியில்லை. சந்தை வருவதற்கு முன்பே நம்மில் பலர் ஸைபெஸ் என்ற வெளித்தளத்தில் விலையைப் பார்த்து, விற்பவருக்குத் தனிச்செய்தி அனுப்பி, குறித்த இடத்தில் சந்தித்துப் பொருளை வாங்கிவந்தோம். அதாவது வங்கி முன்னே நடந்த பேரம் ஏற்கெனவே வேறிடத்துக்குப் போயிருந்தது. மேலும், 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டால்தான் எதையும் சேர்ப்பது என்பதே அன்றைய விதி. அந்த விதியின்படி ஆடுவோரே வாக்களித்துக் கொண்டுவந்ததை வெளியிலிருந்து வந்த கேடு என்று சொல்வது நியாயமில்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுபவர், அதில் முக்கால் மணி நேரத்தைக் கூவியே கழிக்க வேண்டுமா? தனிமுறையில் ஆட விரும்புவோருக்கு 2014-லிருந்தே அயர்ன்மேன் முறை இருக்கிறதே!

செங்கோடன்:
அயர்ன்மேன் என் கேள்விக்குப் பதிலாகாது. அந்த முறையில் யாருடனும் வியாபாரமே செய்ய முடியாது. நான் கேட்பது மனிதர்கள் எதிரெதிரே நின்று பேரம் பேசும் சந்தையை. நீங்கள் காட்டுவது ஆளே இல்லாத தீவை.

மலையருவி:
இருவரும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய விளையாட்டையும் பார்க்க வேண்டும். அங்கே 2009 டிசம்பரில் வந்த தானியங்கிக் குழுத்தேடலை (கூட்டாளிகளைத் தானாகவே சேர்த்துத்தரும் வசதி), 2022-இல் ராத் என்ற விரிவாக்கத்தைப் பழைய வடிவில் கிளாசிக் பதிப்பாக வெளியிட்டபோது, ஆட்கள் ஒருவரோடொருவர் பழக வேண்டும் என்று சொல்லி நீக்கினார்கள். 2023-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் உச்சமான 80-ஆம் லெவலை எட்டியபின், கீழ் லெவலில் டன்ஜன் (குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடம்) போக நினைத்தவருக்கு, அடியைத் தாங்கும் டேங்கும் காயத்தை ஆற்றும் ஹீலரும் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் ஆளை நாமே தேட வேண்டும் என்று கூட்டாளிகளைச் சேர்த்துத்தந்த அதே விதி, ஆட்கள் குறைந்ததும் ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறது. ரூன்ஸ்கேப்பின் சந்தை அப்படியன்று. நாம் உறங்கும்போதும் விற்பனை நடந்தாலும், ஒரு பொருளை நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்ற வரம்பு பதுக்கலைத் தடுக்கிறது. இதை நல்ல சமரசமாகவே கருதுகிறேன்.

செங்கோடன்:
வரம்பு பதுக்கலைக் குறைக்கும். பேச்சைத் திரும்பக் கொண்டுவராது. சந்தை இல்லாத தனி உலகம் ஒன்றை, பருவகால ஆட்டமாகவேனும், வாக்கெடுப்புக்கு விடட்டும்.

தென்றல்_77:
குறுகிய காலத்துக்கு என்றால் நான் ஆதரித்தே வாக்களிப்பேன். நிரந்தர உலகம் என்றால் எதிர்ப்பேன். ஆட்கள் பிரிந்தால் இரண்டு பக்கமும் பொருள் வாங்க ஆளிருக்காது.