மறு: ஸ்ட்ரேக் – பலகை வேறு, நிரை வேறு

குழுமத்தாருக்கு வணக்கம்.

மாதிரிக் கப்பல் செய்கிற நம் சொற்பட்டியலில், கப்பலின் வெளிப்பக்கத்தில் நெடுக ஓடும் பலகை வரிசையான ஸ்ட்ரேக்குக்குத் தமிழில் பலகையடுக்கு, வரிப்பலகை, பக்கப்பட்டை என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். மூன்றும் மரத்துண்டைச் சொல்கின்றன. ஸ்ட்ரேக் என்பது மரத்துண்டின் பெயர் இல்லை. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், தொடங்கிப் பின்பக்கம் வரை ஒரே ஓட்டமாக ஓடும் வரிசைக்குத்தான் அந்தப் பெயர். பெரிய கப்பலில் அவ்வளவு நீளத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது. பல பலகைகளை முனையோடு முனை சேர்த்துத்தான் ஒரு வரிசை ஆகும்.

> மாதிரிக் கப்பலில் ஒரு குச்சிதானே ஒரு வரிசை? அப்புறம் பலகை என்றே சொன்னால் என்ன?

என்று பினாங்கு அண்ணன் கேட்டிருந்தார். உறுப்புகளைப் பெட்டியில் வாங்கிச் செய்கிற முதல் கப்பலுக்கு அது சரி. கொஞ்சம் நுணுக்கமாகச் செய்கிறவர்கள் குச்சியை முழு நீளத்துக்கு ஒட்டுவதில்லை. உண்மைக் கப்பலில் பலகை 7 மீட்டர் என்றால், 1:64 அளவில் அது 11 செ.மீ. அந்த நீளத்துக்கு வெட்டித்தான் ஒட்டுவார்கள். ஒட்டும்போது மூட்டுகள் எங்கே விழுகின்றன என்பதற்குப் பழைய கப்பல் பட்டறை விதி ஒன்று உண்டு: ஒரு வங்கின், அதாவது விலாச்சட்டத்தின், மேல் ஒரு மூட்டு விழுந்தால், அதே வங்கில் அடுத்த மூட்டுக்கு முன் இடையில் மூன்று வரிசையாவது முழுதாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் அந்த இடத்தில் பலம் இழக்கும். இப்போது இந்த விதியை 'வரிப்பலகை' என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். வெட்டிய துண்டும் வரிப்பலகை, முழு வரிசையும் வரிப்பலகை என்றால் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். துண்டுக்குப் பலகை, வரிசைக்கு நிரை. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

நிரை என்று நானாகப் பிடித்து வைக்கவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. பால்மரம் (ரப்பர் மரம்) நிற்பது நிரையில்தான். பேச்சில் 'நெரை' என்போம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி ஆளுக்கு ஆள் நிரை பிரித்துக் கொடுப்பார். "ஒன் நெரை எங்க, ஏன் நெரையில வந்து நிக்கிற?" என்று சண்டையும் அதைச் சொல்லித்தான் நடக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் சொல் போகவில்லை. மேட்டு நிலத்தில் நிரை நேர்கோடாகப் போகாது, குன்றைச் சுற்றி வளைந்து போகும். இரண்டு நிரை விலகி நடுவில் இடம் அகலமாகிற இடத்தில் பாதியில் தொடங்கும் குட்டை நிரை ஒன்றைப் போடுவார்கள். கப்பலின் வயிற்றில் பலகை ஓடுவதும் அச்சு அசல் இப்படித்தான்.

அதைக் கணக்கோடு காட்டுகிறேன். என் மேசையில் இப்போது இருக்கும் கப்பலில் நடு வங்கில் ஏராவிலிருந்து, அதாவது அடியில் நெடுக ஓடும் கீலிலிருந்து, மேல் விளிம்பு வரை 60 மி.மீ. சுற்றளவு. 12 நிரை என்று வைத்தால் நிரைக்கு 5 மி.மீ. என் குச்சியும் அதே அகலம். அணியத்தில் அதே சுற்றளவு 36 மி.மீ. தான் இருக்கிறது. ஆக அங்கே ஒவ்வொரு நிரையும் 3 மி.மீ. ஆகச் சிறுக்க வேண்டும். குச்சியைப் பாதி அகலத்துக்குக் கீழே சீவக்கூடாது என்பது எல்லாரும் கடைப்பிடிக்கும் வரம்பு. 3 என்பது பாதிக்கு மேலே இருப்பதால் பிழைத்தோம். பின்பக்கம் ஏராவை ஒட்டிய இடத்திலோ நேர் எதிர்ச் சிக்கல். அங்கே சுற்றளவு 72 மி.மீ., நிரைக்கு 6. கையில் இருப்பது 5 மி.மீ. குச்சி. 12 நிரையும் சேர்ந்து 60 மி.மீ. தான் மூடும், 12 மி.மீ. இடைவெளி விழுகிறது. அந்த இடத்தில் நுனி கூர்மையான குட்டைப் பலகையை நடுவில் செருகுகிறார்கள். ஆங்கிலத்தில் அதை ஸ்டீலர் என்பார்கள். ஜொகூர் தங்கை அதற்குத் 'திருடுபலகை' என்று எழுதியிருந்தார். படித்துச் சிரித்துவிட்டேன், ஆனால் வேண்டாம் தங்கச்சி. அது எதையும் திருடவில்லை. விழுந்த இடைவெளியை நிரப்புகிறது. செருகுநிரை என்று சொல்லலாம்.

இதில்தான் ஒரு சொல் தேறுமா தேறாதா என்று தெரியும். தனியாக நன்றாக ஒலிக்கிற சொல் ஆயிரம் கிடைக்கும். அதை வைத்துப் பத்துச் சொல் கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நிரை கொடுக்கிறது: ஏராவை ஒட்டிய முதல் வரிசை அடிநிரை. மேல் விளிம்பு வரிசை மேல்நிரை. பீரங்கிக் கப்பல்களில் பக்கவாட்டில் தடித்துப் புடைத்து ஓடுமே, அது தடிநிரை. சுற்றளவைப் பங்கு போட்டு வங்குகளில் குறிக்கும் வேலைக்கு நிரைபிரித்தல். அந்த அளவைக் குறித்துக்கொள்ளும் காகிதப் பட்டைக்கு நிரைத்தாள். 'பலகையடுக்கு பிரித்தல்' என்று சொல்லிப் பாருங்கள், வாய் வலிக்கும்.

> நிரை என்றால் மாட்டு மந்தை. யாப்பில் அசை. நிறை என்று கேட்டால் எடை. குழப்பம் வராதா?

கோலாலம்பூர் ஐயாவின் கேள்வி. ஆநிரை இருக்கட்டும் ஐயா, கப்பலுக்கு மாடு ஏறாது. கணிதப் பாடத்தில் அணியின் கிடைவரிசைக்கு நிரை, நெடுவரிசைக்கு நிரல் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், குழம்பவில்லை. ற, ர வேறுபாடு பேச்சில் மங்கும்தான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் எடை பற்றிய பேச்சே அரிது.

அடுத்து, பழைய சொல் இருக்கிற இடத்தில் நாம் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டாம். கீலுக்கு 'அடித்தண்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏரா இருக்கிறது. விலாச்சட்டத்துக்கு வங்கு இருக்கிறது. பாய் கட்டும் குறுக்கு மரத்துக்குப் பருமல், பாய் ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான். நாம்தான் தோட்டத்தில் உட்கார்ந்து கடலை மறந்துவிட்டோம். மலாய்க்காரர்களின் 'கப்பால்' நம்மிடமிருந்து போனது. கப்பல் உறுப்புகளின் பெயர்களை நாம் மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

பழைய சொல் பொருந்தாத இடமும் உண்டு. பெட்டியில் வரும் மாதிரிகளில் நடுவில் நெடுக ஒரு ஒட்டுப்பலகைத் தட்டும், அதில் குறுக்கே செருகும் தட்டுகளும் இருக்கும். நெடுக இருப்பதைக் கையேடுகள் ஃபால்ஸ் கீல் என்கின்றன. இதைப் பொய்யேரா என்று மொழிபெயர்த்தால் வம்பு. உண்மைக் கப்பலிலேயே ஃபால்ஸ் கீல் என்று ஒன்று தனியாக இருக்கிறது: தரை தட்டினால் ஏரா சிதையாமல் இருக்க அதன் அடியில் அறையும் காப்பு மரம். இரண்டும் முற்றிலும் வேறு. ஆகவே மாதிரியில் இருப்பதை நடுத்தட்டு என்போம், கப்பலில் இருப்பதைக் காப்பேரா என்போம். குறுக்கே இருப்பது வங்கின் வடிவத்தைத் தரும் தட்டு மட்டும்தான், வங்கு அல்ல, வங்குத்தட்டு போதும்.

செய்முறையின் பெயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிளாங்க் ஆன் ஃப்ரேம் என்பதை 'வங்கின்மேல் பலகை' என்று எழுதினோம். வங்கை முதலில் நிறுத்தி அதன்மேல் பலகை அறைவது ஐரோப்பியப் பட்டறை வழக்கம். திரெங்கானுவில் பூலாவ் டூயோங் தச்சர்கள் செங்கால் மரத்தில் படகு கட்டுவது தலைகீழ். வரைபடம் கிடையாது. பலகைகளை மர ஆணியால் விளிம்போடு விளிம்பு கோத்து, இடையில் கெலாம் மரத்தின் பட்டையை வைத்து, முதலில் படகின் வெளிக்கூட்டை எழுப்பிவிடுவார்கள். வங்கு பிறகுதான் உள்ளே வரும். அவர்கள் படகை மாதிரியாகச் செய்ய நினைக்கிறவனுக்கு 'வங்கின்மேல் பலகை' என்ற தலைப்பில் உதவி இல்லை. ஆகவே செய்முறைகளை வங்குமுதல், பலகைமுதல் என்று இரண்டாகப் பெயரிடலாம் என்பது என் யோசனை. இந்த நாட்டில் இருந்துகொண்டு சொற்பட்டியல் போடும் நாம் இதை விடக்கூடாது.

மரம் பற்றிக் கேட்டவர்களுக்கு, சொல்லை விட்டுக் கொஞ்சம் விலகிச் சொல்கிறேன். பால்மரப் பலகை நம் ஊரில் சும்மா கிடைக்கிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். நாற்காலி செய்ய நல்ல மரம். ஆனால் அதன் கண்துளை பெரியது. 0.2 மி.மீ. துளை 1:64 கப்பலில் ஒன்றேகால் செ.மீ. ஓட்டையாகத் தெரியும், பூச்சி அரித்த கப்பல் போல. ஜெலுத்தோங் நல்லது. நேரான நார், மென்மை, கத்திக்குப் பணியும். வார்ப்பு அச்சு செய்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். அதிலும் பால் ஓடிய கீறல்கள் ஆங்காங்கே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அந்த இடத்தைத் தவிர்த்து வெட்ட வேண்டும். கெட்டியான வேலைக்கு, அதாவது ஏராவுக்கும் முக்கண்களுக்கும், வேறு மரம் பாருங்கள்.

முக்கண் என்றேனே, அதையும் முன்வைக்கிறேன். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகளின் அடியில் மூன்று துளையுள்ள உருண்டைக் கட்டை இருக்கும். ஆங்கிலத்தில் டெட்ஐ. 'செத்த கண்' என்று ஒருவர் எழுதிய நாளிலிருந்து எனக்கு அந்தக் கட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தேங்காயைப் பார்த்துப் பழகிய நமக்கு மூன்று துளை என்றால் முக்கண்தான். சிவன் பெயரைக் கட்டைக்கு வைப்பதா என்று யாராவது கேட்டால், தேங்காய்க்கு வைக்கவில்லையா என்று கேட்பேன்.

ஆக வாக்குக்கு விடும்போது நிரை, அடிநிரை, தடிநிரை, செருகுநிரை நான்கையும் ஒரே கட்டாக விடுங்கள். பிரித்து விட்டால் ஒன்று நிரையாகவும் ஒன்று பட்டையாகவும் வந்து சேரும். முக்கண்ணைத் தனியாக விடலாம், அதற்குச் சண்டை வரும் என்று தெரியும்.

குழுமத்தில் தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். அங்கே தோணி கட்டிய ஆசாரிமார் யாரையாவது பார்த்தால், ஏராவிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வரிசையையும் என்ன சொல்லி எண்ணுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்தால் நிரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது வரும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தாலும் சம்மதமே. எனக்கு இன்னும் ஒட்ட வேண்டிய நிரைகள் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து