உப்புத் தரையில் காடு முளைத்த கதை

சிதம்பரத்து மருமகன்:

எங்கள் மகள் பிறந்தது 2024-இல். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட பூமியின் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரிக்கு மேல் போனதும் அதே ஆண்டுதான். அதைப் படித்த நாளிலிருந்து பருவநிலைச் செய்தி எதையும் திறக்கவே மனம் வரவில்லை. போன தை மாதம் மாமனார் வற்புறுத்திப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே படகோட்டியவர் சொன்னதை எழுதுகிறேன். என்னைப் போல் மனம் விட்டுப்போனவர்கள் இங்கே இருப்பீர்கள்.

அவர் இருளர், அறுபதைத் தொட்ட வயது. குறுகலான ஒரு வாய்க்காலுக்குள் போனதும் துடுப்பை நிறுத்தினார். இரு கரையிலும் வெண்கண்டல் அடர்ந்து நின்றது. "நான் வயசுப் பையனா இருந்தப்ப இங்க ஒரு செடி கெடயாது தம்பி. உப்புப் பூத்து வெள்ளையா கெடக்கும்."

விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று ரொம்ப காலம் ஊர்க்காரர்கள் மேல்தான் பழி. உண்மைக் காரணம் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய கூப்பு வெட்டு. பகுதி பகுதியாக மொத்தக் காட்டையும் வெட்டியதில் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி, தாம்பாளம் மாதிரி நடுவில் பள்ளமாகிவிட்டது. ஏறிவந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை. தேங்கி வற்ற வற்ற உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்காது. காரணம் இது என்று தெரிந்தபிறகு, 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் போல. தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. கரையோரம் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன.

"இது நான் வெட்டுன வாய்க்கா தம்பி" என்றார். சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், பென்சில் கனம்தான். கொஞ்சம் தள்ளி இரண்டு பெண்கள், வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது, கடலோரத்தில் சொந்தங்களை இழந்தவர்.

திரும்பும்போது ஒன்று சொன்னார்: "தூர் வாராம விட்டா மறுபடியும் உப்பு ஏறிடும்." எனக்கு அதுதான் தெம்பு கொடுத்தது. கெட்டதற்கு ஒரு காரணம் இருந்தது, அது தெரிந்ததும் சரிசெய்ய மண்வெட்டி போதுமானதாக இருந்தது. உலகம் முழுவதற்கும் இப்படி ஒரே வாய்க்கால் வெட்டிவிட முடியாது, தெரியும். ஆனாலும் ஊருக்குத் திரும்பியதும் செய்திகளை மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தேயிலைத்தோட்டத்து மகள்:

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் வால்பாறை, அம்மா கொழுந்து பறிப்பவர். எங்கள் ஊரில் மழைக்காடு தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் மிச்சம். அந்தத் துண்டுகளை மீட்கும் வேலைக்காக இரண்டு வருடம் நாற்றங்காலில் இருந்தேன். ரோட்டில் விழுந்து வீணாகப்போகும் விதைகளைப் பொறுக்கி வந்து முளைக்கவைப்போம். களையாக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி, ஆனி மழை பிடித்ததும் நடுவோம். நிறைய செத்துப்போகும். முதல் வருடம் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

போன வருடம், எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எப்போதோ நட்ட ஓர் இடத்துக்குப் போனோம். தலைக்கு மேலே நிழல் கூடியிருந்தது. கீழே சருகுக்குள் ஒரு கருங்குங்கிலியக் கன்று. அந்த இடத்தில் அந்த மரத்தை யாரும் நடவில்லை, பதிவேட்டில் பார்த்தோம். இருவாச்சியோ மலைப்புறாவோ தின்றுவிட்டுப் போட்ட விதையாக இருக்கும். கால் படாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வந்தோம். இந்த ஆனியில் போய்ப் பார்க்கவேண்டும்.